684 வெள்ளி நோட்டீஸ்: கரண்டு விலை ஏறுதுன்னு எங்க சங்கத்துல சொல்லப்போன கதை

நோட்டீஸ எழுதினது நான்தான், அத முதல்லயே சொல்லிடறேன். மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்கிற எங்க கூட்டுறவு சங்கத்தோட பொருளாளர்ங்கிற முறையில நானே டைப் பண்ணி, நானே பிரிண்ட் எடுத்து, மினி மார்க்கெட் கண்ணாடியில நானே ஒட்டினேன். "மின்சார கட்டணம் 14 விழுக்காடு உயர்ந்துள்ளதால் மண்டப வாடகை 600 வெள்ளியிலிருந்து 684 வெள்ளியாக உயர்த்தப்படுகிறது." வெள்ளின்னா எங்க ஊரு ரிங்கிட், நூறு சென் ஒரு வெள்ளி. ரெண்டு வரி நோட்டீஸ்தான். அதுல கணக்கு சரி, 600க்கு 14 விழுக்காடு 84 வெள்ளி, ஆனா அந்த 14ங்கிற நம்பர் எங்க பில்லுல எங்கயுமே இல்லங்கிறது ஒட்டினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. எப்படி மாட்டினேன், எப்படி வெளிய வந்தோம்னு எழுதி வச்சா இதே மாதிரி சின்ன சங்கம் நடத்துறவங்களுக்கு உதவும்னு நெனச்சு எழுதறேன்.

எங்க சங்கம் சுங்கை சிப்புட் பக்கம். பெருசா ஒண்ணும் இல்ல, ரெண்டு மாடி கட்டடம் ஒண்ணு, கீழ மினி மார்க்கெட், மேல மண்டபம். ரெண்டுக்கும் ஒரே மீட்டர். உறுப்பினர்கள் முக்காவாசி பேர் ரப்பர் தோட்டத்துல இருந்து தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்த குடும்பங்கள், இப்ப பிள்ளைங்க ஈப்போ, கேஎல்னு போயிட்டாங்க, பெரியவங்கதான் கூட்டத்துக்கு வருவாங்க. இந்த ஊர்ல கூட்டுறவுன்னா சும்மா இல்ல. மஇகா தலைவராவும் அமைச்சராவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரு. 1960ல தேசிய நிலநிதி கூட்டுறவு சங்கத்த அவரு ஆரம்பிச்சப்ப தோட்டத்து சனங்க மாசம் பத்து வெள்ளி பத்து வெள்ளியா கட்டி நூறு வெள்ளி பங்கு வாங்கினாங்க, தோட்டத்த துண்டு போட்டு வித்துக்கிட்டிருந்த காலத்துல அந்த காசுதான் தோட்டம் வாங்குச்சு, வேலையையும் வீட்டையும் காப்பாத்துச்சு. அந்த ஞாபகம் உள்ள ஆளுங்க எங்க சங்கத்துலயும் இருக்காங்க, சங்கத்து காசு ஒரு சென்னு எங்க போகுதுன்னு கேக்குற உரிமை தனக்கு இருக்குன்னு நம்புறவங்க. அவங்க முன்னாடி போய்தான் நான் பேப்பர்ல படிச்ச நம்பர வச்சு வாடகைய ஏத்தினேன்.

பேப்பர்ல வந்தது பொய் இல்ல. 2024 டிசம்பர்ல அறிவிச்சது, தீபகற்பத்துக்கு அடிப்படை கட்டணம் யூனிட்டுக்கு 39.95 சென்ல இருந்து 45.62 சென் ஆகப்போகுதுன்னு. அது 14 விழுக்காடுக்கு கொஞ்சம் மேல. அப்புறம் 2025 ஜூலை 1ல இருந்து நடைமுறைக்கு வந்தப்ப 45.40 சென்னா முடிஞ்சது, அப்படி பாத்தா 13.6 விழுக்காடு. காரணமும் மறைச்சு வைக்கல. தீபகற்பத்துல கரண்டு பெரும்பாலும் நிலக்கரியிலயும் கேஸ்லயும்தான் வருது, நிலக்கரி வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வருது. 2022ல இருந்து 2024 வரைக்குமான கணக்குல நிலக்கரி டன்னுக்கு 79 அமெரிக்க டாலர்னு போட்டிருந்தாங்க, 2025ல இருந்து 2027 வரைக்கும் 97 டாலர்னு போட்டிருக்காங்க. இதையெல்லாம் நான் ஸ்லைடு போட்டு வச்சிருந்தேன், படமெல்லாம் போட்டு, கலர் கலரா.

முதல் கூட்டம் 2025 செப்டம்பர்ல, ஞாயித்துக்கிழமை சாயந்தரம். நாப்பது பேர் இருப்பாங்க. தலைவர் பேசி முடிச்சு என்கிட்ட மைக்க குடுத்தாரு. நான் அடிப்படை கட்டணம்னு ஆரம்பிச்சு நாலாவது ஸ்லைடு போறதுக்குள்ள ஒரு பாட்டி எழுந்து, "தம்பி, என் வீட்டு பில்லு எவ்ளோ ஏறும், அத மட்டும் சொல்லு"ன்னாங்க. எனக்கு பதில் தெரியல. சராசரி சராசரின்னு எதையோ சொன்னேன். சராசரில யாரு வீடு இருக்கு? அடுத்தது ஒரு அண்ணன், "நம்ம பக்கத்துலயே செண்டெரோ அணை இருக்கு, தண்ணி சும்மாதான வருது, நிலக்கரி ஏறினா நமக்கென்ன?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா நியாயமான கேள்வி. 1930ல கட்டின அணை, பேராக் ஆத்துத் தண்ணியில கரண்டு எடுத்து கிந்தா பள்ளத்தாக்கு ஈய லம்பத்துக்கு, அதாவது ஈயச் சுரங்கத்துக்கு, அனுப்பினாங்க. பக்கத்து தோட்டத்து லயத்துக்கெல்லாம் (தொழிலாளர் வீட்டு வரிசை) அந்த லைட்டு வர எத்தனையோ வருசம் ஆச்சு. நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க லயத்துல ஜெனரேட்டர்தான், சாயந்தரம் போட்டு ராத்திரி பத்து மணிக்கு அணைச்சிருவாங்க, பரீட்சை நேரத்துல அம்மா மண்ணெண்ணெய் விளக்க தொடச்சு வைப்பாங்க. சரி அது வேற கதை. அணையில இருந்து வர்ற கரண்டு தனியா நம்ம வீட்டுக்கு வர்றது இல்ல, எல்லாம் ஒரே கம்பியில கலந்துதான் ஓடுது, தீபகற்பம் முழுக்க ஒரே விலை, அதுல தண்ணியோட பங்கு கொஞ்சம்தான். இத நான் அன்னிக்கு இப்படி தெளிவா சொல்லல. உளறினேன்.

அப்புறம்தான் நாங்க கிராணின்னு (தோட்டத்து கிளார்க்) கூப்பிடற உறுப்பினர் ஒருத்தர் எழுந்தாரு. தோட்டத்து ஆபீஸ்ல முப்பது வருசம் செக்ரோல், அதாவது ஆள் கணக்குப் புத்தகம், எழுதின மனுசன், எம்பது வயசு நெருங்குது, கண்ணாடிய மூக்கு நுனியில வச்சுக்கிட்டு சங்கத்து கணக்கு அறிக்கையை பென்சில்ல கோடு போட்டு கொண்டு வந்திருந்தாரு. "ஏம்பா, மாசத்துக்கு ஏழு விசேஷம் நடக்குதுன்னு நீயே எழுதியிருக்க. தலைக்கு 84ன்னா 588 வெள்ளி. போன வருசம் ஆகஸ்ட் பில்லயும் இந்த வருசம் ஆகஸ்ட் பில்லயும் நான் பாத்தேன், ஏறினது முன்னூத்துச் சொச்சம். மிச்சம் இரநூத்துச் சொச்சம் யாருக்கு?"

மண்டபம் அமைதியாயிருச்சு. கை வச்சுட்டேன்னு அவரு சொல்லல, ஆனா நாப்பது பேர் முகத்துலயும் அதுதான் தெரிஞ்சது. கமிட்டி ஆளுங்க ஆளாளுக்கு கீழ பாத்தாங்க. கூட்டத்த ரெண்டு வாரம் தள்ளி வச்சோம், நோட்டீஸ அன்னிக்கு ராத்திரியே நான் கிழிச்சேன்.

அடுத்த நாள் பில்ல எல்லாம் எடுத்துக்கிட்டு கிராணி வீட்டுக்கே போனேன். பசியாறிட்டு உக்காந்தோம், மதியம் வரைக்கும் ஆச்சு. போன வருசம் ஆகஸ்ட்ல எங்க மீட்டர் 1,400 யூனிட். இந்த வருசம் ஆகஸ்ட்ல 2,050 யூனிட். இந்த ஒரு வித்தியாசத்த நான் பாக்கவே இல்ல, பில்லோட கடைசி வரியில உள்ள வெள்ளிய மட்டும் பாத்திருக்கேன், அது ஏறியிருந்தது, பேப்பர்லயும் ஏறுதுன்னு இருந்தது, ரெண்டையும் சேத்து முடிச்சு போட்டுட்டேன்.

பழைய கடை ரேட்டு முதல் 200 யூனிட்டுக்கு 43.5 சென், அதுக்கு மேல 50.9 சென். 1,400 யூனிட்டுக்கு கணக்கு போட்டா 697 வெள்ளி 80 சென். புது ரேட்டுல ஒரே விலைய மூணா பிரிச்சு எழுதியிருக்காங்க, எரிசக்திக்கு 27.03, கெபாசிட்டிக்கு 8.83, நெட்வொர்க்குக்கு 14.82, மொத்தம் 50.68 சென், அது போக மாசம் 20 வெள்ளி ரீட்டெயில் கட்டணம். அதே 1,400 யூனிட்டுக்கு 729 வெள்ளி 52 சென். வித்தியாசம் 32 வெள்ளி கூட இல்ல, நாலரை விழுக்காடு. அதுவும் முழுசா உண்மை இல்ல. ஏன்னா பழைய பில்லுல ஐசிபிடின்னு தனியா ஒரு வரி இருந்தது, எரிபொருள் விலை ஏறுனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ அதுல ஏத்துவாங்க. உக்ரைன் சண்டைக்கு அப்புறம் நிலக்கரி தாறுமாறா ஏறினப்ப, 2023 ஆரம்பத்துல எங்கள மாதிரி சின்ன கடைங்களுக்கு யூனிட்டுக்கு 3.7 சென், பெரிய பேக்டரிங்களுக்கு 20 சென் அந்த வரியில வந்தது. அதுக்கப்புறமும் அந்த வரி போகல. புது ரேட்டுல அந்த வரிய எடுத்துட்டாங்க, அந்த செலவ அடிப்படை விலைக்குள்ளயே போட்டுட்டாங்க. பழைய பில்லுல அந்த வரியையும் சேத்து கூட்டினா ரெண்டு பில்லும் கிட்டத்தட்ட ஒண்ணுக்கொண்ணு சரியா நிக்குது.

கிராணி பென்சில கீழ வச்சுட்டு, "அப்ப ஏறினது விலை இல்ல, நாமதான் கூட எரிச்சிருக்கோம்"னாரு. அவ்ளோதான் விஷயம். அடிப்படை கட்டணம் 13.6 விழுக்காடு ஏறினது நெசம், ஆனா அதுல ஒரு பெரிய பங்க நாங்க வேற வரியில ஏற்கனவே கட்டிக்கிட்டுதான் இருந்தோம்.

கூட எரிச்சது யாரு? ஜூன் மாசம் மண்டபத்துல ஏர்கோன் போட்டோம், ஆறு ஏர்கோன், ஒவ்வொண்ணும் மூணு குதிரைசக்தி. முழுசா ஓடினா ஒண்ணு மணிக்கு ரெண்டரை யூனிட் இழுக்கும், ஆறும் சேந்து 15 யூனிட். ஒரு கல்யாணம் ஆறு மணி நேரம்னா 90 யூனிட், காசுக்கு 45 வெள்ளி 61 சென். ஏழு விசேஷத்துக்கு 630 யூனிட். நாங்க தேடிக்கிட்டிருந்த 650ல கிட்டத்தட்ட எல்லாம் இங்கயே இருக்கு. ஏர்கோன் போட்டது கமிட்டி முடிவு, கை தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன், திறப்பு விழாவுக்கு வாழை மரமெல்லாம் கட்டினோம். கரண்டு பில் எவ்ளோ ஆகும்னு ஒருத்தரும் கேக்கல.

ரெண்டாவது கூட்டத்துக்கு ஸ்லைடு கொண்டு போகல. வெள்ளைப் பலகை ஒண்ணு, மார்க்கர் ஒண்ணு, பில்லு. முதல்ல நோட்டீஸ் தப்பு, எழுதினது நான், மன்னிச்சிருங்கன்னு சொன்னேன். நம்ம ஆளுங்க மன்னிப்பு கேட்டா உடனே "பரவாயில்ல லா"ன்னுடுவாங்கன்னு நெனச்சேன், அப்படி ஒண்ணும் நடக்கல, கைய கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. சங்கத்து பில்ல வரி வரியா எழுதிக் கூட்டினப்பதான் முன்னாடி சாஞ்சு பாக்க ஆரம்பிச்சாங்க. நடுவுல நான் ஒரு எடத்துல தப்பா பெருக்கிட்டேன், ரெண்டு மூணு பேர் ஒரே நேரத்துல கத்தினாங்க, அந்த எடத்துலதான் கூட்டம் இளகுச்சு.

அதுக்கப்புறம் வீட்டு பில்லு. இத திட்டத்துல வைக்கவே இல்ல, ஆனா போன தடவை பாட்டி கேட்டது மனசுல இருந்ததால வீட்டு பில்லையும் கொண்டு வாங்கன்னு வாட்ஸ்அப்ல சொல்லியிருந்தேன். முதல் பில்லு அந்தப் பாட்டியோடது. 190 யூனிட். வீட்டுக்கு புது ரேட்டுல 1,500 யூனிட் வரைக்கும் எரிசக்தி 27.03, கெபாசிட்டி 4.55, நெட்வொர்க் 12.85, கூட்டினா 44.43 சென். இத கேட்டதும் பின்னாடி இருந்து "பழைய 21.8 சென் எங்க, 44 சென் எங்க, டபுளா ஏத்திட்டாங்களே"ன்னு சத்தம். பொறுங்கன்னு சொல்லி அடுத்த வரிய எழுதினேன், சிக்கன ஊக்கத்தொகைன்னு ஒரு கழிவு இருக்கு, 200 யூனிட்டுக்குள்ள எரிச்சா யூனிட்டுக்கு 25 சென் கழிச்சிருவாங்க. 19.43 சென்தான். 190 யூனிட்டுக்கு 36 வெள்ளி 92 சென். பழசுல 41 வெள்ளி 42 சென், அதுல அப்ப இருந்த ரெண்டு சென் கழிவு போனா 37 வெள்ளி 62 சென். பாட்டிக்கு 70 சென் குறைஞ்சிருக்கு. "எழுவது சென்னுக்கா என்ன ரெண்டு வாரம் தூங்க விடாம பண்ண"ன்னு கேட்டாங்க பாருங்க. ஏழைக் குடும்பங்களுக்கான அரசாங்கத்தோட இ-காசே பட்டியல்ல பேர் இருந்தா மாசம் 40 வெள்ளி வரைக்கும் அரசாங்கம் குடுக்குறத பத்தியும் சொன்னேன், பட்டியல்ல இருக்க வேண்டிய ரெண்டு வீடு இல்லாம இருந்தது அன்னிக்கு தெரிய வந்தது, அது தனியா ஒரு நல்லது.

ரெண்டாவது பில்லுதான் எனக்கே புதுசு. ஒரு அக்கா, ஜூலையில 598 யூனிட், ஆகஸ்ட்ல 612. "பதினாலு யூனிட்டு கூட போனதுக்கு இவ்ளோ ஏறுமா, மீட்டர்ல கோளாறு"ன்னு சண்டைக்கு தயாரா வந்திருந்தாங்க. மீட்டர்ல கோளாறு இல்ல. அந்த சிக்கன கழிவு யூனிட் கூடக் கூட குறைஞ்சுக்கிட்டே போகும், அதுவும் நீங்க எந்தப் படியில நிக்கிறீங்களோ அந்தப் படி கழிவுதான் மொத்த யூனிட்டுக்கும். 551ல இருந்து 600 வரைக்கும் 9 சென், 601 ஆனா 7.5 சென். அதோட 600 தாண்டினா 10 வெள்ளி ரீட்டெயில் கட்டணமும் வந்துரும், அது வரைக்கும் அது இலவசம். 598 யூனிட்டுக்கு 211 வெள்ளி 87 சென், 612 யூனிட்டுக்கு 236 வெள்ளி 1 சென். பதினாலு யூனிட்டுக்கு 24 வெள்ளி! இன்னும் இருக்கு, 600க்கு மேல போற யூனிட்டுக்கு 8 விழுக்காடு சேவை வரி, அப்புறம் எரிபொருள் விலைக்கு ஏத்த மாதிரி மாசாமாசம் மாறுற ஏஎஃப்ஏங்கிற கட்டணம். ஐசிபிடி போன எடத்துக்கு வந்தது இதுதான், யூனிட்டுக்கு 3 சென் வரைக்கும் தானா ஏறும் இறங்கும், அதுக்கு மேலன்னா அரசாங்கம் ஒத்துக்கணும், 600க்குள்ள எரிக்கிற வீட்டுக்கு இது கிடையாது. ஆகஸ்ட்ல அது கழிவாத்தான் வந்தது, அதனால அக்கா கொஞ்சம் தப்பிச்சாங்க. இதே மாதிரி படி 350லயும் இருக்கு, 350 யூனிட்டுக்கு 82 வெள்ளி, 351 ஆனா 96 வெள்ளி, ஒரே ஒரு யூனிட்டுக்கு 14 வெள்ளி, நான் பலகையில எழுதினப்ப நம்பாம ஒரு தம்பி போன்ல தட்டிப் பாத்துட்டு "ஆமா அண்ணே"ன்னான்.

என் கருத்த சொல்லணும்னா, இந்தப் படி ஏற்பாடு எனக்கு பிடிக்கல. சிக்கனமா இருக்கிறவனுக்கு கழிவு குடுக்குறது நல்லதுதான், ஆனா கழிவு இருக்குன்னு தெரியாதவன் எப்படி சிக்கனமா இருப்பான்? அக்காவுக்கு 600ன்னு ஒரு கோடு இருக்குன்னே அன்னிக்குதான் தெரியும். மாசக் கடைசியில கரண்டு கம்பெனியோட மைடிஎன்பி ஆப்ப திறந்து யூனிட்ட பாருங்கன்னு சொன்னேன், அவங்க மகன் அங்கயே போன்ல போட்டு குடுத்தான்.

மூணாவது பில்லுக்கு என்கிட்ட நல்ல செய்தி இல்ல. வீட்டுல முறுக்கு, அதிரசம்னு பலகாரம் போட்டு விக்கிற ஒரு அண்ணன், ரெண்டு பெரிய ப்ரீசர், 880 யூனிட். அந்தப் படியில கழிவு ஒரே ஒரு சென்தான். வரி, பில்லுல பிடிக்கிற மத்த நிதியெல்லாம் சேக்காம பழசுல 384 வெள்ளி 68 சென், புதுசுல 392 வெள்ளி 18 சென். ஏழரை வெள்ளி கூட. "அண்ணே, உங்களுக்கு ஏறித்தான் இருக்கு"ன்னு நேராவே சொன்னேன். அவரு கோவிச்சுக்கல, "சரி, அத சொன்னியே"ன்னாரு. 850க்குள்ள கொண்டு வந்தா கழிவு ரெண்டரை சென் ஆகும், 366 வெள்ளியில முடிஞ்சிரும்னு எழுதிக் காட்டினேன். ஒரு ப்ரீசர்ல ரப்பர் விட்டுப் போயி குளிர் வெளிய போய்க்கிட்டிருக்குன்னு அவரே சொன்னாரு. தீபாவளி ஆர்டர் முடிஞ்சு பாப்பாராம்.

மண்டப வாடகைக்கு வந்தோம். கிராணிதான் முன்மொழிஞ்சாரு: வாடகை அதே 600, ஏர்கோன் வேணும்னா ஆறு மணி நேரத்துக்கு 50 வெள்ளி தனியா, வேணாம்னா காத்தாடி போதும். ஏழு விசேஷமும் ஏர்கோன் போட்டா 350 வருது, கூடுதலா எரிஞ்ச 650 யூனிட்டுக்கு ஆகுற 329 வெள்ளிய தாங்கும். இதுல இன்னொரு நியாயமும் இருந்தது, எனக்கு தோணாதது. கருமாதி சாப்பாட்டுக்கு, கோயில் கூட்டத்துக்குன்னு பகல்ல ரெண்டு மணி நேரம் எடுக்குறவங்க ஏர்கோனே போடுறது இல்ல, என் நோட்டீஸ்படி அவங்களும் 84 வெள்ளி கட்டியிருக்கணும், கல்யாணக்காரன் குளிருக்கு துக்க வீட்டுக்காரன் காசு. ஒருத்தர் மட்டும் எதிர்த்தாரு, 50 வெள்ளி பத்தாது, ஏர்கோன் சர்வீஸ் காசு யாரு குடுப்பான்னு. அவரு சொன்னதுல தப்பில்ல, அடுத்த வருச கணக்குல பாக்கலாம்னு விட்டோம். மத்தவங்க கை தூக்கினாங்க.

முடியாத வேலை ஒண்ணு இருக்கு. நேரத்துக்கு நேரம் விலை மாறுற திட்டம் ஒண்ணு எடுக்கலாம், வார நாள்ல மதியம் ரெண்டுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும் எரிசக்தி விலை கூட, சனி ஞாயிறு முழுக்க குறைவு. மண்டபம் சனி ஞாயித்துலதான் ஓடுது, லாபம். ஆனா அதே மீட்டர்ல கீழ மினி மார்க்கெட் ஐஸ்பெட்டிங்க வார நாள் பூரா ஓடுது. எது எத முழுங்கும்னு பாக்க ஒரு மாச மீட்டர் கணக்க மணிவாரியா எடுக்கணும், கிராணி ஒரு செக்ரோல் புத்தகத்துலயே கட்டம் போட்டு குடுத்திருக்காரு.

ஏர்கோன் சுவிட்ச் பெட்டிக்கு பூட்டு போட்டாச்சு. விசேஷத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் மீட்டர போட்டோ எடுத்து குரூப்புல போடுறேன். முதல் கல்யாணத்துக்கு 94 யூனிட் வந்தது, நாலு யூனிட் ஏன் கூட போச்சுன்னு காலையில ஏழு மணிக்கெல்லாம் கிராணி போன் பண்ணிட்டாரு.